முப்பத்து மூன்றில் பாடிய கிழவர்

பல் டாக்டர் போனில் விஷயத்தைச் சொல்லவில்லை. நேரில் வாருங்கள், பேச வேண்டும் என்றார், அவ்வளவுதான். அவன் அப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சரி என்றான். மனைவி போனதிலிருந்து யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிப் பழகியிருந்தான். நேரத்துக்குச் சாப்பிடு. சரி. கொஞ்ச நாள் லீவு போடு. சரி. இன்னும் வயசிருக்கிறது, மறுபடி ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசி. சரி. சொன்னவர்கள் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவன் எதையும் செய்யவில்லை.

ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் அவன் காத்துக்கொண்டிருந்தான். அது பல் டாக்டர் கையில் இருந்தது.

அவளுக்குப் பழைய ஃபங்க் இசை என்றால் உயிர். அதிலும் கேப் வெர்டே என்று ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் சின்னத் தீவு நாட்டில், எழுபதுகளில் வந்த ஃபங்க். கல்யாணமான புதிதில், அப்படியென்றால் என்ன என்று கேட்டான். "மத்த பாட்டை எல்லாம் காது கேக்கும். இதை இடுப்பு கேக்கும்" என்றாள். அவன் இடுப்புக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறவிச் செவிட்டு இடுப்பு என்று முடிவு கட்டினாள். அதற்காக அவனை விட்டுவிடவும் இல்லை. ஞாயிறு மாலைகளில் பக்கத்தில் உட்காரவைத்து, தாளத்தின் முதல் அடி எங்கே விழுகிறது, பேஸ் கிதார் அதை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, பிடித்ததை எப்படி வேண்டுமென்றே நழுவவிடுகிறது என்று அவன் முழங்காலில் விரலால் தட்டிக் காட்டுவாள். அவன் தலையாட்டுவான். பாட்டுக்குத் தலையாட்டு, எனக்கு ஆட்டாதே என்பாள்.

அவளிடம் இருந்த இசைத்தட்டுகளிலேயே ஒசத்தியானது ஒன்று. பழைய சாமான் கடையில், துருப்பிடித்த தையல் மெஷினுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தது. பெரிய தட்டு. நடுவில் அச்சடித்த லேபிள் கிடையாது. வெறும் வெள்ளைக் காகிதம், அதில் பேனாவால் நாட்டின் பெயர், அவ்வளவுதான். போட்டால் ஒரு கிழவர் பாடினார். ஒவ்வொரு சொல்லையும் தூக்க மாட்டாமல் தூக்கி இறக்குகிற குரல். பின்னால் ஏதோ இரும்பைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் பாட்டு முழுக்கக் கூடவே வந்தது. பாடுவது என்ன பாஷை என்றுகூட அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. வீட்டில் அந்தத் தட்டுக்குப் பெயரே கிழவர்தான். "கிழவரை எழுப்பு" என்றால் அவன் எழுந்து போய்த் தட்டைப் போட வேண்டும். கிழவர் பாடும்போது குக்கர் விசில் அடித்தால் அவளுக்குக் கோபம் வரும், ஏதோ பெரியவர் பேசும்போது குறுக்கே பேசிவிட்டதைப் போல.

பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே ஓர் அறை. மாதத்துக்கு ஒருமுறை அங்கே தட்டு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். கிராம்பு எண்ணெய் வாசனை மாடிவரை வரும். அங்கேதான் அவள் கிழவரைப் பற்றிப் பேசினாள். அவள் பேச்சை டாக்டர் பதிவு செய்து வைத்திருந்தார். "மத்தவங்க ஃபங்க் நம்மள ஆட வைக்கும். இவர் ஃபங்க் நம்மள உட்கார வைக்குது" என்று அதில் வரும். யாரையோ புதைத்துவிட்டு நேராக மைக் முன்னால் வந்து நிற்கிற மனிதர் இவர், பின்னால் கேட்பது அவர் இழுத்துக்கொண்டு நடக்கிற சங்கிலி, ஆட வேண்டிய தாளத்தை ஆட முடியாத ஒருவன் வாசித்தால் இப்படித்தான் இருக்கும் என்றெல்லாம் வரும். பேசி முடித்தபோது அறையில் யாரும் அசையவில்லையாம். உலகத்திலேயே மெதுவான ஃபங்க் இதுதான், இது ஒரு தனிப் பாணி என்று டாக்டரே எழுந்து சொன்னாராம். அன்று இரவு அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் முழுவதையும் அவனுக்கு மறுபடி பேசிக் காட்டினாள்.

பிறகுதான் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், வலிக்குக் கொடுத்த மருந்தின் மயக்கத்தில், அவள் வாய்திறந்து கேட்டது இரண்டே. தண்ணீர், கிழவர். அவன் போனைத் தலையணையோரம் வைத்துப் பாடவிடுவான்.

அவள் போன பிறகு டாக்டர் ஒரு யோசனை சொன்னார். பழைய தட்டுகளை மறுபடி அச்சிட்டு விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவருக்குப் பழக்கம். கிழவரை அவர்கள் புதிதாகப் போடட்டும். உறையின் பின்பக்கம் அவள் பேச்சு அவள் பெயரோடு வரட்டும். அவன் வழக்கமான சரியைச் சொன்னான். ஆனால் இந்தச் சரியை நிஜமாகச் சொன்னான். அவளுக்குப் பிள்ளை இல்லை. எழுதிவைத்தது ஒன்றும் இல்லை. பார்த்த வேலை ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில்; அவள் நாற்காலியில் மறுவாரமே வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். உலகத்தில் எங்கோ முகம் தெரியாத ஒருவன் தட்டைத் திருப்பி அவள் பெயரைப் படிப்பான் என்பது மட்டும்தான் மிச்சம்.

அவன் போனபோது டாக்டர் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். மேலே போகலாம் என்றார். மேலே போனதும் நேராக விஷயத்துக்கு வராமல் டீ சொல்லவா என்றார், மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார். பல் பிடுங்குவதற்கு முன்னால் பேச்சுக் கொடுப்பவரைப் போல.

பாட்டில் ஒரு துண்டை மட்டும் பதிந்து கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். அங்கே இருப்பவர் அந்தத் தீவுக்காரர். கேட்டுவிட்டுப் போன் செய்தாராம். நீங்கள் தட்டைத் தப்பான வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று சொன்னாராம்.

பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. தட்டு சேர்ப்பவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்திருந்தார்கள். நடன அரங்குகளுக்கென்று சில பெரிய தட்டுகளை நாற்பத்தைந்திலும் அடிப்பதுண்டு. இது அதில் ஒன்று. லேபிளில் வேகம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். லேபிளே இல்லை.

"அது கிழவர் இல்ல தம்பி" என்றார் டாக்டர். "பொண்ணு. பாடும்போது வயசு பத்தொன்பதாம்."

அவர் ரெக்கார்ட் பிளேயரின் குமிழைத் திருப்பினார். தட்டு அவனுடையது, அச்சு வேலைக்காக அவரிடம் இருந்தது. முள்ளை வைத்தார்.

ஒரு பெண் சிரித்துக்கொண்டே பாடினாள். டிரம்ஸ் துள்ளியது. சங்கிலி என்று மனைவி சொன்னது, இரும்புப் பட்டையைக் கத்தியால் சுரண்டி வாசிக்கிற வாத்தியமாம். அந்த ஊரில் கொண்டாட்டம் என்றால் அது இல்லாமல் நடக்காதாம். கரகரவென்று பாட்டுக்கு அடியில் எலிபோல ஓடியது. பாட்டுக்கு அர்த்தமும் டாக்டர் கேட்டு வைத்திருந்தார். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறேன், இது தேய்வதற்குள் வந்து என்னோடு ஆடு.

அவன் தன் முழங்காலைப் பார்த்தான். அது ஆடிக்கொண்டிருந்தது. முதல் அடி எங்கே விழுகிறது என்று யாரும் தட்டிக் காட்டாமலே அவனுக்குத் தெரிந்தது. பேஸ் கிதார் பிடிப்பதும் நழுவவிடுவதும் தெரிந்தது. அவள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் ஏறாதது எல்லாம் ஒரே நிமிடத்தில் ஏறியது. இடுப்புக்குக் கேட்டது. அவன் கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"அவங்க பேச்சை இனி உறையில போட முடியாதுன்னு சொல்றாங்க" என்றார் டாக்டர். "வேணும்னா வேற மாதிரி போடலாமாம். தப்பான வேகத்துல கேட்டு உருகின ஒரு ரசிகைன்னு, சின்னதா, சுவாரசியத்துக்கு."

அவன் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்களுக்கும் தெரியல பாருங்க. அவங்க அவ்வளவு அடிச்சுப் பேசினதால நாங்களும் அப்படியே நம்பிட்டோம்." தனிப் பாணி என்று எழுந்து சொன்னதை அவர் வசதியாக மறந்திருந்தார். "இருந்திருந்தா அவங்களே விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க தம்பி."

அவள் சிரித்திருக்க மாட்டாள். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை ஒரு பாடகரின் ஊரைத் தப்பாகச் சொல்லி, இந்த அறையில் கூடும் பிரிண்டிங் பிரஸ்காரர் ஒருவர் திருத்தினார் என்பதற்காக, அவரோடு அரை வருடம் பேசாமல் இருந்தவள். அவர் அச்சடித்துக் கொடுத்த காலண்டரைக்கூடச் சுவரிலிருந்து இறக்கிவிட்டாள். இதைக் கேட்டிருந்தால் முகம் சிவந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். மறுநாள் காலையில் அவனைப் பிடித்து, வீட்டுப் பிளேயரின் வேகத்தைச் சரிசெய்தது யார் என்று கேட்டிருப்பாள். சரிசெய்தது அவன்தான். லிஃப்டின் வேகத்தை அளக்கிற மீட்டரைக் கொண்டுவந்து வைத்து, மயிரிழை பிசகாமல் முப்பத்து மூன்றில் நிறுத்திக் கொடுத்திருந்தான். செத்தவர்களைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது என்று நினைத்தான். உயிரோடு இருந்தபோது அவளிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும் இந்த ஆள்.

"தட்டைத் தரமுடியாது" என்றான். பல மாதங்களில் அவன் சொன்ன முதல் முடியாது.

டாக்டர் உட்கார்ந்தார். மூல நாடா எப்போதோ அழிந்துபோயிற்று, வேறு பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை, இந்தத் தட்டு போகாவிட்டால் பாட்டே இல்லை என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, அவன் இதுவரை கேட்காததைச் சொன்னார். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டாள். அவளிடமே அந்தப் பாட்டு இல்லை. கிடைத்திருக்கிறது என்று கம்பெனிக்காரர் சொன்னதும் அழுதுவிட்டாளாம்.

"குடுக்காம வெச்சிருந்தாலும் சரி, நம்ம வேகத்துல போட்டாலும் சரி, அது அவங்களுக்குப் பண்ற துரோகம் தம்பி."

துரோகம் என்ற சொல் அவன்மேல் சும்மா பட்டு விழுந்தது. அவனுக்கு அந்தப் பெண்மேல் கோபம்தான் வந்தது. நியாயம் இல்லாத கோபம் என்று தெரிந்தே வந்தது. உயிரோடு இருக்கிறாள், அழுகிறாள், ஆட்களை அனுப்புகிறாள். இவள் பிழைக்க வேண்டுமானால் கிழவர் சாக வேண்டும். கிழவர் செத்தால் மனைவி பேசிய பேச்சு உளறலாகிவிடும்.

அவன் ஒரு பேரம் பேசினான். அவள் நினைவாக அடுத்த கூட்டத்தை வைத்துக்கொள்வது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்தக் கூட்டத்தில் முதலில் அவள் பேச்சைப் போட வேண்டும். பிறகு தட்டை, அவள் கேட்ட வேகத்தில் போட வேண்டும். எல்லோரும் கேட்கட்டும். கேட்டுவிட்டு, இது உளறல் என்று யாராவது சொல்லட்டும். அதற்கப்புறம் தட்டைப் பற்றிப் பேசலாம். பேச்சும் பாட்டும் அப்படியே அச்சில் வருவதென்றால் தருவேன், இல்லாவிட்டால் என்னோடு இருக்கட்டும் என்றான். டாக்டர் பெருமூச்சு விட்டார். சரி என்று சொல்வது இந்த முறை அவர் பங்காயிற்று.

கூட்டத்துக்கு மாமியாரையும் அழைத்துப் போனான். அவள் வாரத்துக்கு ஒருமுறை அவன் வீட்டுக்கு வருவாள். ஃப்ரிட்ஜில் போன வாரம் வைத்துவிட்டுப் போனது அப்படியே இருப்பதைப் பார்த்துத் திட்டுவாள். பிறகு மகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, தன் போனில் வைத்திருக்கும் மகள் பேச்சை அவனைப் போடச் சொல்லிக் கேட்பாள். ஃபங்க் என்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. "பாவம் அந்தப் பெரியவர், யாரைப் பறிகொடுத்தாரோ" என்பாள். விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வழியில் சொல்லலாம் என்று நினைத்தான். வழி முழுக்க மாமியார் பேசிக்கொண்டே வந்தாள். உன் சட்டைக் காலர் கிழிந்திருக்கிறது, இதைப் போட்டுக்கொண்டா சபைக்கு வருவது என்று. சபை என்றுதான் சொன்னாள்.

அறையில் இருபது பேர்வரை இருந்தார்கள். அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது என்பது நுழையும்போதே தெரிந்தது. துக்க வீட்டு முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கண் சிரித்தது. பிரஸ்காரர் அவன் கையைப் பிடித்து அழுத்தி, பெரிய ரசிகை, மனசால கேட்டவங்க என்றார். மனசால என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த அழுத்தத்தில் எல்லாம் இருந்தது. காது சரியில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

பேச்சைப் போட்டார்கள். அவள் குரல் ஸ்பீக்கரில் வந்தது. கொஞ்சம் மூக்கடைத்த, எதிராளி இல்லாதபோதும் சண்டைக்கு நிற்கிற குரல். நம்மள உட்கார வைக்குது என்ற இடம் வந்தபோது பின்வரிசையில் யாரோ தும்முவதுபோல மூக்கைப் பொத்திக்கொண்டார். சங்கிலி என்ற இடத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்காகக் கஷ்டப்பட்டார்கள். மாமியார் மட்டும் மடியில் கைகோத்து, நேராக ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அதற்குள் இருக்கிறாள் என்பதைப் போல.

பேச்சு முடிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். தட்டு யாருடையதோ அவர்தான் முள்ளை வைக்க வேண்டும். வேறு யாரும் தொடமாட்டார்கள். டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் எழுந்து போனான். குமிழ் முப்பத்து மூன்றில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு முள்ளை வைத்தான். வைத்துவிட்டு இடத்துக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றான்.

அவன் நம்பியது இதுதான். கிழவர் வாயைத் திறந்தால் போதும். கேலி செய்ய வந்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். சரியான வேகம் என்பது என்ன, கம்பெனிக்காரன் சொல்வதா? எத்தனை பேர் எத்தனை ராத்திரி இந்த வேகத்தில் கேட்டு நெஞ்சு கனத்திருக்கிறார்கள். அது பொய்யா?

பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் ஒவ்வொன்றாக விழுந்தது. இரும்பு இழுபட்டது. குரல் வந்தது.

அவன் கிழவருக்காகக் காத்திருந்தான். வரவில்லை. வந்தது அந்தப் பெண்தான். கையைக் காலைக் கட்டி, வாயில் துணியடைத்துப் பாட வைத்ததுபோல அந்தப் பெண். சிரிப்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது. அந்த இடத்தில் அது இழுத்துக்கொண்டு முனகலாக வந்தது. செருப்பு என்ற சொல் எங்கே வருகிறது என்றுகூடத் தெரிந்தது. கண்ணை மூடிப் பார்த்தான். ஆஸ்பத்திரித் தலையணையை, சாய்ந்து கிடந்த முகத்தை நினைத்துப் பார்த்தான். அந்த முகத்தின் பக்கத்திலும் இந்தப் பெண்தான் முனகிக்கொண்டிருந்தாள். அங்கேயும் கிழவர் இல்லை. இனி எங்கே தேடினாலும் இருக்கப்போவதில்லை. அவள் ஒருத்தி கேட்டவரை அவர் இருந்தார். அவளுக்குப் பின்னால் அவன் ஒருவன் காதில் எட்டு மாதம் இருந்தார். அதையும் அந்த ஒரு நிமிடம் துடைத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கால் ஆடிய அந்த ஒரு நிமிடம்.

யாரோ இருமினார்கள். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர்கள் கேலிகூடச் செய்யவில்லை. சகித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் முள்ளைத் தூக்கினான். பாட்டு நடுவில் நின்றது. அங்கே யாரும் பாட்டை நடுவில் நிறுத்தியதில்லை. எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவன் குமிழைத் திருப்பினான். தொடக்கத்தில் முள்ளை மறுபடி வைத்தான்.

பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். அறையில் ஒரு மூச்சு விடுபட்டது. முதல் வரி முடிவதற்குள் முன்வரிசையில் கால்கள் தட்டத் தொடங்கின. பிரஸ்காரர் தோளைக் குலுக்கினார். இரண்டாவது முறை பல்லவி வந்தபோது யாரோ எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளினார்கள், அதற்காகவே காத்திருந்ததைப் போல. அவளுடைய நினைவுக் கூட்டத்தில் மனிதர்கள் ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். அவர்களைக் குறை சொல்ல அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

டாக்டர் அருகில் வந்து நின்றார்.

"தட்டைக் குடுத்துடுங்க அவங்ககிட்ட" என்றான்.

"பேச்சு? சின்னதா, ஒரு ஓரத்துல…"

"பேச்சு வேண்டாம்."

"பேராவது?"

"பேரும் வேண்டாம் டாக்டர். பதிவை அழிச்சிடுங்க. அத்தைகிட்ட ஒண்ணு இருக்கு, போதும்."

அவர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவன் அதற்குள் நகர்ந்து போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் ஆடுகிறவர்களைப் பார்த்தாள், பிளேயரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். காதருகே குனிந்தாள்.

"இதுவா மாப்பிள்ளை அவ கேட்டது?"

"இல்ல அத்தை. இது வேற பாட்டு."